பாவா ஆதம் மலை வழியில் – 3: அம்பகமுவைப் பாறை

மலேசியாவில் எங்கள் குனோங் ராபாட்டைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். பக்கத்துத் தம்பூன் பாறையில் செந்நிற ஓவியங்கள் உண்டு, எழுத்து கிடையாது. அதனாலோ என்னவோ, கல்வெட்டு என்று கேட்டாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

இலங்கையில் கினிகத்தேனைப் பக்கம் அம்பகமுவையில் வேன் நின்றது. பழைய சிங்களத்தில் வெட்டிய இந்தப் பாறை, 1070இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவுடையது. ஆனால் நான் தேடி வந்தது போர்ச் செய்தியை அல்ல. சிவனொளிபாத மலைக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட ஊர்களைக் கொடுத்த செய்தி இதில் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வழியில் பசி கூடாது என்று ஓர் அரசன் நினைத்திருக்கிறான்.

அதே கல்வெட்டில் இன்னொன்றும் உண்டு. தாழ்ந்த சாதியார் நின்று வணங்குவதற்காகப் மலையுச்சியில் உள்ள பாதச்சுவட்டுக்குக் கீழே தனி மேடை கட்டினானாம். நெஞ்சு கனத்துவிட்டது. பால்மரம் வெட்ட மலாயாவுக்கும் தேயிலை பறிக்க இந்த மலைகளுக்கும் கப்பலேறியவர்களில் எத்தனை பேரை ஊரில் இப்படிக் கீழே நிறுத்தி வைத்திருந்தார்கள்!

இந்தச் சிவனொளிபாத மலைதான் முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கிக் கால் பதித்த இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இலங்கையில் கரையிறங்கியபோது, புத்தளத்தில் இருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது, பாதத்தைக் காண வழி ஒன்றுதான். அரசன் பல்லக்குக் கொடுத்தான். துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர். சாமான் சுமக்கப் பதினைந்து பேர். முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகளை வழித்துணையாக அனுப்பிய இந்தத் தமிழ் மன்னனை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே அறிந்திருக்க வேண்டும்.

உச்சிக்கு ஏறப் பத்துச் சங்கிலிகள் இருந்தன என்று இப்னு பதூதா எழுதுகிறார். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்த்தவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியைச் சொன்னார்களாம்.

அடுத்து பலாங்கொடை வழியாகக் கூரகலை. ஆதம் மலைக்குப் போகும் வழியில் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி தங்கித் தியானித்ததாக முஸ்லிம்கள் நம்பும் தப்தர் ஜெய்லானி என்ற தலம் அங்கேதான். அதே குன்றின் குகைகளில் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த காலத்துப் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. விடியுமுன் கிளம்பினால் வெயிலுக்கு முந்தி ஏறிவிடலாம் என்கிறார் வேன்காரர்.

(தொடரும்)