ஆளில்லா விமானமும் அதன் ஆளும்

சித்தூரைச் சேர்ந்த அந்த இளைஞனுக்கு வயது 26. வீட்டில் தமிழ், வயலில் தெலுங்கு, அரசு இணையதளத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அவனது தொழில் நடக்கிறது. விடியற்காலையில் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கிறான். முகூர்த்த நாட்களில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணம் செய்து, திருப்பதியின் கல்யாண மண்டபங்களில் வானிலிருந்து படம் எடுக்கிறான். தெளிக்கும் கருவி இன்னொருவருடையது, இவனுக்கு நாட்கூலி. 250 கிராமுக்கும் குறைவான படக்கருவி மட்டும் சொந்தம். வெளிநாட்டுத் தயாரிப்பான அதையும் அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பழையதாகத்தான் வாங்கினான்.

‘ஆளில்லா விமானம்’ என்ற தமிழ்ப் பெயர் சற்று விந்தையானது. விமானத்தினுள் ஆள் இல்லை என்பது மெய். ஆனால், வரப்பில் கழுத்தை நிமிர்த்தி நிற்பவனும் அந்தப் பெயரில் காணாமற்போகிறான். 2025 செப்டம்பரில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்ட ட்ரோன் மசோதாவின் வரைவில் அவன் இருக்கிறான், பெரும்பாலும் தண்டனைக்குரியவனாக.

அரசு விதிகள் எப்போதும் அவனுக்கு எதிராக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2014 அக்டோபரில் குடிமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதே தடை செய்யப்பட்டிருந்தது. 2018-இல் வந்த நெறிமுறைகள் அந்தத் தடையைத் தளர்த்தின. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் 25 படிவங்களை ஐந்தாகக் குறைத்தன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் உரிய பயிற்சியும் இருந்தால் பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் தொலைநிலை விமானிச் சான்றிதழ் கிடைக்கும் என்றாயிற்று. அதற்கும் கடவுச்சீட்டு கேட்டார்கள். வெளிநாடு செல்லும் எண்ணமே இல்லாத அவன் அதற்கு எங்கே போவான்? 2023 செப்டம்பரில் வந்த திருத்தம், வாக்காளர் அட்டையோ குடும்ப அட்டையோ போதும் என்றது. அதன்பின்தான் அவன் விமானியானான். சான்றிதழைச் சட்டமிட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் அம்மா மாட்டியிருக்கிறார்.

சித்தூர் வயல்களில் அவனுக்குப் பெரிதாகத் தொல்லை இல்லை. வரைபடத்தில் பச்சை மண்டலம். 400 அடி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. மருந்து தெளிப்பவனுக்குப் பயிருக்குமேல் சில அடி உயரமே போதும். திருப்பதி அப்படியன்று. ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் பச்சை மண்டலத்தின் உயரம் 200 அடியாகக் குறைகிறது. திருச்சானூர்ப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போனால் இந்தக் கணக்கு தொடங்கிவிடும். திருமலை முற்றிலும் வேறு. 2023 ஜனவரியில் கோயிலை வானிலிருந்து காட்டும் காணொளி பரவியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஆனந்த நிலையத்தின்மேல் எதுவும் பறக்கலாகாது என்பது ஆகம நெறி என்று சொல்லி, திருமலையைப் பறக்கத் தடைசெய்த பகுதியாக அறிவிக்குமாறு தேவஸ்தானம் ஒன்றிய அரசைக் கேட்டுவருகிறது. அவனுக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. அலிபிரிக்கு அப்பால் அவன் பையைத் திறந்ததே கிடையாது.

வரைவின் சில பகுதிகளையும் அவன் மனமார ஏற்கிறான். மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். ட்ரோனால் உயிரிழப்பு நேர்ந்தால் 2.5 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு. வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். தலைமேல் சுழலும் இறக்கை கண்ணைப் பறிக்கக்கூடியது என்பதை அவனைவிட யார் அறிவார்?

அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. 2021 விதிகளில் அபராதத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். வரைவிலோ சில மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறை. கருவியைச் சோதிக்கவும் பறிமுதல் செய்யவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. வகைச் சான்றிதழ் இல்லாத ட்ரோன் கூடாது என்கிறது வரைவு. அந்தச் சான்றிதழைப் பெறவேண்டியவர் தயாரிப்பாளர். வாங்கியவன் விண்ணப்பித்துப் பெறக்கூடியதன்று. வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை வேறு இருக்கிறது. 250 கிராமுக்கு உட்பட்ட கருவிக்கு இன்றுள்ள விலக்கு தொடருமா என்பதே அவனது முதல் கேள்வி. தொடராவிட்டால் வளையல் போனது போனதுதான்.

இரண்டாவது கேள்வி ஒரு பழைய நிகழ்விலிருந்து எழுந்தது. ஒரு மாலைத் திருமணத்தில் மலையிலிருந்து திடீரென இறங்கிய காற்று கருவியைத் தள்ளிக்கொண்டுபோய், அடுத்த தெருவில் ஒரு மொட்டைமாடியில் போட்டது. வற்றல் காயவைத்திருந்த பாட்டி அதைக் கையில் ஏந்தி வாசலுக்கு வந்தார். “இந்தாப்பா, உன் பொம்மை. என் வத்தலைக் கெடுத்துடுச்சு பாரு.” அரைக் கிலோ வற்றல் வாங்கிக் கொடுத்ததோடு அந்த வழக்கு முடிந்தது. புதிய சட்டம் வந்தபின் அது பிழையா, குற்றமா? சொல்லப்போகிறவர் நிலையத்தில் அன்று பணியில் இருக்கும் காவலரா? மண்டல வரைபடத்தையும் உயரக் கணக்கையும் அவருக்கு யார் கற்பித்திருப்பார்கள்? வேலையின் முதல் ஆண்டில், மைசூர்ச் சாலையோரம் ஒருமுறை கருவியைப் பிடுங்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் அலையவிட்டதை அவன் மறக்கவில்லை. சான்றிதழைக் காட்டியபோது, “டிரைவிங் லைசென்ஸ் எங்கடா?” என்ற பதில்தான் வந்தது.

இந்தக் கேள்விகளால் சட்டமே வேண்டாமென்று ஆகிவிடாது. வேண்டுமென்றே விமானப் பாதையில் நுழைபவனையும், காற்றில் கருவியைத் தவறவிட்டவனையும் பிரித்தறியும் சொற்கள் சட்டத்திலேயே இருக்கவேண்டும். பின்னால் வரும் விதிகளுக்கு அதை விட்டுவைப்பது நல்லதன்று.

கருத்துச் சொல்ல செப்டம்பர் 30 வரைதான், அதாவது இரண்டே வாரம், அவகாசம் தந்திருந்தார்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு, வக்கீல் குமாஸ்தாவான அண்டை வீட்டு அண்ணனை உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினான். வற்றல் கதையை எழுதவேண்டாம், சிரிப்பார்கள் என்றார் அண்ணன். அவன் கேட்கவில்லை. அதைத்தான் முதற்பத்தியாக வைத்தான். காற்று எழுமுன் தெளிக்கவேண்டிய நான்கு ஏக்கர் நெல் காலையில் காத்திருந்ததால், அனுப்பிவிட்டு மின்கலங்களைச் சார்ஜில் போட்டுப் படுத்தான்.