எருமைத் தொழுவத்து ஆஸ்பத்திரி

சிங்கப்பூர்,
மாசி மாதம்.



சீனப் புத்தாண்டு பிறந்து, கடைவாசல்களில் கட்டிய சிவப்புக் காகித விளக்குகள் இன்னும் இறக்கப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் இந்த வாரத்தில் ஒரு மாலை, எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் வசிப்பவரும், வயதில் எண்பதைத் தாண்டியவரும், எங்கள் வீட்டார் அனைவராலும் 'அத்தை' என்றே அழைக்கப்படுபவருமான ஒரு மூதாட்டியோடு தேக்காச் சந்தைக்குப் போய்த் திரும்புகையில், அவர் ஹாம்ப்ஷயர் சாலையின் ஓரமாக நின்று, அங்கேயுள்ள ஒரு பழைய கட்டடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்பொழுது அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம். ஆனால் அத்தை இளம்பெண்ணாக அங்கே ஆயா வேலை பார்த்த காலத்தில் அது கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்தது. அப்பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்; நம்மவர்கள் மாட்டு வியாபாரம் செய்த அந்தப் பகுதியில் எருமைச் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

"இங்கதான் தம்பி, ஒரு ராத்திரியில நாப்பது பிள்ளைய எண்ணுவோம். ஒரு அம்மா எந்திரிச்சுப் போன கட்டில்ல சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த அம்மா படுத்திருப்பா. துணி அலசி அலசி என் விரல் இடுக்கெல்லாம் புண்ணு" என்று சொல்லிவிட்டு, எலும்பு புடைத்த தம் கையை விரித்துக் காட்டினார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. 1966ஆம் ஆண்டில் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ நாற்பதாயிரம் குழந்தைகள், அதாவது நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிசுக்கள் பிறந்தமையால், உலகத்திலேயே மிகுதியான பிரசவங்கள் நடந்த இடம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்தது. அப்போது இத்தீவின் ஜனத்தொகை இருபது லட்சத்தையும் எட்டவில்லை. இன்று அது அறுபது லட்சமாகப் பெருகியிருக்க, 2023ஆம் ஆண்டில் தீவிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சேர்த்துப் பிறந்த குழந்தைகளோ முப்பத்து நாலாயிரத்தைத் தொடவில்லை. ஜனங்கள் மூன்று மடங்காகிப் பிறப்பு மட்டும் குறைந்துபோன இந்த விந்தைக்குக் காரணம் யாது என்று அந்தக் கட்டடத்தின் முன்னே நின்றபோது எழுந்த கேள்வியே இம்மடலை எழுதத் தூண்டிற்று.

சீனப் பஞ்சாங்கப்படி இப்போது பிறந்திருப்பது குதிரை ஆண்டு. அதிலும் அறுபது வருஷங்களுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை. சென்ற தடவை அது வந்தது அதே 1966இல்தான். நம் பஞ்சாங்கத்திலும் அவ்வாண்டு பராபவ வருஷம். வருகிற சித்திரையில் மீண்டும் பராபவ பிறக்கப் போகிறது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவளாவாள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது ஜப்பானியரிடையே நெடுநாளாக வேரோடியிருந்த ஒரு நம்பிக்கை. பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களின் விவாகத்தைத் தடுத்து நிறுத்திய நமக்கு இது புதிய செய்தி அன்று. இதன் விளைவாக, 1965இல் பதினெட்டு லட்சத்துக்கும் மேலாக இருந்த ஜப்பானியப் பிறப்புகள் 1966இல் பதின்மூன்றரை லட்சமளவுக்கு இறங்கி, அடுத்த ஆண்டே பத்தொன்பது லட்சத்துக்கு மேல் ஏறின. போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ யாதும் இல்லாமல், பிறவாத பெண்மகவு ஒன்றின் எதிர்காலத்தை எண்ணிய தாய்தந்தையரின் அச்சம் ஒன்றினாலேயே ஒரு தேசத்தில் நாலில் ஒரு பங்குப் பிறப்பு ஓராண்டில் மறைந்தது. 1906இல் வந்த நெருப்புக் குதிரையின்போது இவ்வளவு பெரிய வீழ்ச்சி நேரவில்லை. அச்சம் அன்றும் இருந்ததாயினும், கருவைத் தள்ளிப்போடும் வழிகள் சாமானிய ஜனங்களின் கைக்கு அப்போது வரவில்லை. ஆகவே ஜனத்தொகையின் ஏற்ற இறக்கத்துக்கு நம்பிக்கை ஒரு காரணமென்றால், அந்த நம்பிக்கையின்படி நடந்துகொள்ளப் பெண்ணுக்குக் கிடைக்கும் சாதனம் அதனினும் பெரிய காரணமாகிறது.

அதே 1966இன் அக்டோபர் மாதத்தில் ருமேனியா தேசத்தில் சௌசெஸ்கு அரசாங்கம், பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்று கருக்கலைப்பைத் தடை செய்து ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு பெண் தன் ஆயுளில் பெறும் பிள்ளைகளின் சராசரி அங்கே இரண்டுக்குச் சற்றே குறைவாக இருந்தது, மறு ஆண்டிலேயே மூன்றரையைத் தாண்டிற்று. சட்டம் வென்றுவிட்டதாகவே தோன்றியது. ஆயினும் சில ஆண்டுகளில் மக்கள் மறைவான வழிகளைக் கண்டுகொள்ள, பிறப்பு விகிதம் படிப்படியாக இறங்கிற்று. அந்த மறைவான வழிகளில் ஆயிரக்கணக்கான தாய்மார் மாண்டனர். வளர்க்க இயலாமல் கைவிடப்பட்ட குழந்தைகளால் அநாதை விடுதிகள் நிரம்பின. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்ததும் முதன்முதலாக நீக்கப்பட்ட சட்டங்களில் இதுவும் ஒன்று. இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூர் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு வாரியத்தை நிறுவியதும் 1966இல்தான். சுதந்திரம் அடைந்து சில மாதங்களே ஆன, நிலமும் நீரும் வேலையும் போதாத ஒரு சிறு தீவு அது; கம்பம் எனப்படும் சிற்றூர்களின் குடிசைகளில் எட்டும் பத்துமாகப் பிள்ளைகள் நிறைந்திருந்த காலம். 1972இல் 'இரண்டோடு நிறுத்துவோம்' என்ற பிரசாரம் தொடங்கி, ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்னும் கருத்து நான்கு மொழிகளிலும் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்தோடு நிற்கவுமில்லை: அடுத்தடுத்த பிரசவங்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் உயர்ந்தது, சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு முதலிரண்டு குழந்தைகளோடு நின்றது, பள்ளிக்கூடச் சேர்க்கையில் பின்னால் பிறந்த குழந்தைகளுக்கு முன்னுரிமை போயிற்று.

1960இல் ஆறுக்குச் சற்றே குறைந்திருந்த, ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1975இல் இரண்டளவுக்கு வந்துவிட்டது. அரசாங்கம் இதைத் தன் வெற்றி என்று கருதியது இயல்பே. ஆனால் அத்தையின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்கும் எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அத்தையின் தாயார் பெற்றவர்கள் ஒன்பது பேர், பிழைத்தவர்கள் ஐவர். அத்தை பெற்றவர்கள் மூவர், மூவரும் பிழைத்தனர். தம் மக்களில் ஒருவரையும் சுடுகாட்டுக்குக் கொடுக்காத முதல் தலைமுறைத் தாய் அவர். பிழைக்குமோ பிழைக்காதோ என்று கூடுதலாக இரண்டு பெற்றுவைக்கும் அவசியம் அவருக்கு இல்லை. கம்பத்தை விட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபெயர்ந்தபின், முற்றத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்டைவீட்டுக் கிழவி இல்லை. அவருடைய மகள்களோ பள்ளியில் படித்து, ஜூரோங்கிலும் தோ பாயோவிலும் எழுந்த தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்கி, இருபத்தாறிலும் இருபத்தெட்டிலும் விவாகம் செய்துகொண்டார்கள். சிசு மரணத்தின் குறைவு, பெண்ணின் கல்வி, அவள் கைக்கு வந்த ஊதியம், தள்ளிப்போன விவாகம், சுருங்கிய வீடு ஆகிய இவை அனைத்தும் எந்தச் சுவரொட்டியும் இல்லாமலே தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அரசாங்கம் ஓடுகிற வெள்ளத்தின் திசையிலேயே துடுப்புப் போட்டது. அதனாலேயே படகு அத்தனை வேகமாகச் சென்றது.

திசையைத் திருப்ப முயன்றபோதுதான் வெள்ளத்தின் பலம் தெரிந்தது. 1984இல், பட்டம் பெற்ற தாய்மார் மூன்றாவது பிள்ளை பெற்றால் அவர்தம் மக்களுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றும், படிப்புக் குறைந்த ஏழைத் தாய் ஒன்றிரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றும் திட்டங்கள் வந்தன. படித்தவளின் பிள்ளை உயர்ந்தது, படியாதவளின் பிள்ளை தாழ்ந்தது என்று தராசில் நிறுத்த முனைந்த அந்த எண்ணத்தை அன்றே ஜனங்கள் வெறுத்தனர். பட்டதாரிப் பெண்களும் வெறுத்தனர். முன்னுரிமைத் திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1987இல் 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்று கொள்கையே தலைகீழாயிற்று. மறு ஆண்டு சராசரி ஏறியது உண்மை. ஆனால் 1988 சீனர்களுக்கு மங்களமான கடல்நாக (டிராகன்) ஆண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதன்பின் 2001இல் குழந்தைப் போனஸ் வந்தது. இன்று முதற் குழந்தைக்கே 11,000 வெள்ளி ரொக்கம், பதினாறு வாரப் பிரசவ விடுப்பு, தகப்பனுக்கும் நான்கு வாரம். சலுகைகள் இவ்வாறு கூடிக்கொண்டே வந்தும் 2023இல் அந்தச் சராசரி ஒன்றுக்கும் கீழே, 0.97 என்று இறங்கிவிட்டது.

அத்தையின் பேத்தி ஒரு வங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். ஒரே மகன், பத்து வயது, இன்னும் இரண்டு ஆண்டில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. வாரத்தில் நான்கு நாள் டியூஷன். இரவு எட்டு மணிக்குக் கைப்பையோடு வீடு திரும்பி, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் அவனுடைய கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கும் அவளிடம், இன்னொரு குழந்தை வேண்டாமா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. "வெள்ளி கொடுக்கிறாங்க அங்கிள், நேரம் யார் கொடுப்பாங்க?" என்றாள். புள்ளிவிவரப் புத்தகங்கள் பலவற்றைப் புரட்டியும் எனக்கு விளங்காதது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிற்று.

பிறப்பு இவ்வாறு குறைந்தும் ஜனத்தொகை பெருகியது எப்படியென்றால், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களால்தான். 2024இல் இங்கிருந்த அறுபது லட்சம் பேரில் குடிமக்கள் முப்பத்தாறு லட்சம் பேரே. புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து, இத்தீவின் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டும் நம் இளைஞர்களும் மீதிப் பேரின் கணக்கில் அடக்கம். பிள்ளை பெறும் வயதில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்து, பிறர் பிள்ளைகள் வளரும் வீட்டைக் கட்டும் அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது வேற்றூர்ச் செய்தி அன்று. இந்தியாவின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020இல் பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி மூன்று பிள்ளைகள், தமிழ்நாட்டில் 1.4. ஒரே தேசம், ஒரே சட்டம், இரண்டிலும் குடும்பக் கட்டுப்பாட்டின் அதே சிவப்பு முக்கோணம். வித்தியாசம் பெண்பிள்ளை எத்தனை வகுப்பு படித்தாள், எத்தனை வயதில் தாலி ஏறிற்று, அவள் பெற்ற முதற்குழந்தை பிழைத்ததா என்பவற்றில் இருந்தது. நாம் எட்டிய இடம் நல்ல இடமே. அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் தலைமுறை குன்றாதிருக்க வேண்டிய அளவு 2.1 என்பதால், நம் ஊரிலும் இப்போது அதிகம் பெறச் சொல்லும் குரல்கள் எழத் தொடங்கியுள்ளன. அக்குரல்களை எழுப்புவோர் இந்தத் தீவை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டு மருமகளைக் கண்டதும் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்பது நம் வழக்கம். இனி அதைக் கேட்க நா எழும்போது, அவள் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தையை யார் மடியில் விட்டுப் போவாள் என்பதை முதலில் யோசியுங்கள். அந்த மடி உங்களுடையதாக இருக்கக் கூடுமானால், அதை அவளிடம் சொல்லுங்கள்.