இருட்டைக் காட்டுவது

சினிமாப் பாட்டில் ஒளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒளிப்பதிவாளர் எவரும் இல்லை. என் சித்தப்பாதான். திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் அவர் ஆபரேட்டர். ஒற்றை புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. இரண்டு கரிக்குச்சிகள் நுனிக்கு நுனி எரியும். பின்னாலிருக்கும் குழிக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் திரட்டி பிலிமுக்கு அனுப்பும். எரிய எரியக் குச்சி தேயும். திருகித் திருகி இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை பழுப்படிக்கும், அல்லது நீலம் பாயும். நாயகி காமாலை கண்டவள் மாதிரி ஆகிவிடுவாள். நிறம் உண்டாக்கும் மனநிலை என்று நாம் எழுதுவதில் ஒரு பங்கு கரிக்குச்சியின் காரியம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் எங்களுக்கு நிறம் என்றால் திருவிழா மேடைதான். ஸ்பெஷல் நாடகத்தில் ட்யூப் லைட்டின்மேல் கலர் பேப்பர் சுற்றியிருப்பார்கள். கோபத்துக்குச் சிவப்பு, ராத்திரிக்கு நீலம். அதில் ஒரு நேர்மை இருந்தது. இது ராத்திரி என்று சொன்னார்கள், நாங்களும் ஒப்புக்கொண்டோம். சினிமாப் பாட்டு அந்தச் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டது, நேர்மையை எடுத்துக்கொள்ளவில்லை. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவா கலரில் வந்ததிலிருந்து நிறம் என்பது போஸ்டரில் போடும் சரக்கு. காசு கொடுத்தவன் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல ஸ்டுடியோவின் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சத்தைக் கொட்டினார்கள். அன்றைய கலர் பிலிமுக்கு அத்தனை வெளிச்சம் வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பிலிமின் பலவீனம் நாளடைவில் நம்முடைய ரசனையாகிவிட்டது. இருட்டு என்றாலே கோளாறு என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

1980இல் ‘ஜானி’யில் அசோக் குமாரும் ‘மூடுபனி’யில் பாலு மகேந்திராவும் இதிலிருந்து விலகி நின்றார்கள். இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்ற எளிய கேள்வி பாட்டுக் காட்சிக்குள் வந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னலா, விளக்கா, மாலை வானமா? அந்தக் கேள்வியை மேலும் தூரம் கொண்டுபோனவர் பி.சி. ஸ்ரீராம். 1986இல் ‘மௌன ராகம்’, 1987இல் தேசிய விருது பெற்றுத் தந்த ‘நாயகன்’, 1988இல் ‘அக்னி நட்சத்திரம்’. இந்தக் கடைசிப் படத்தின் பாட்டுக்களில் வெளிச்சம் பாடுகிறவர்களின் பின்னாலிருந்து வரும். முகம் நிழலாகி, முடியின் விளிம்பும் தோளும் மட்டும் மின்னும். லென்சில் ஒளி சிதறினால் தவறு என்று ஒதுக்கிவந்தார்கள். இவர் அதைப் படத்திலேயே விட்டுவைத்தார். மனநிலை இங்கே நிறத்தில் இல்லை. காட்டாமல் விட்ட இடத்தில் இருந்தது.

மதுரையில் அதைப் பார்த்துப் பிரமித்துவிட்டு, அடுத்த வருஷம் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது மறுபடி போனேன். பாட்டு வந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. கறுப்பில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் அலைந்தன. ஜனங்கள் விசிலடித்தார்கள். “லைட்டைப் போடுறா!” என்று மணல் தரையிலிருந்து ஒரு குரல். எனக்குக் கோபம். இந்த ஜனங்களுக்கு இது எங்கே புரியப்போகிறது என்று படம் முடிந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: “அவுங்க சொன்னதுல என்னடா தப்பு? பட்டப்பகல்ல எடுத்ததுக்குத் தேஞ்ச குச்சி போதும். இருட்டைக் காட்டணும்னா எனக்கு வெளிச்சம் ஜாஸ்தி வேணும்டா.”

முதலாளி எண்ணிக் கொடுக்கும் குச்சியில் மிச்சத் துண்டுகளை ஒட்டவைத்து எரித்துக்கொண்டிருந்தவர் அவர். மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில், அந்தப் பாட்டு இருந்த ரீலுக்கு மட்டும் புதுக் குச்சி இரண்டைப் போட்டார். கரண்டைக் கூட்டிவைத்து, பாட்டு முடியும்வரை திருகை விடாமல் நின்றார். கறுப்புக்குள்ளிருந்து ஒரு கன்னம் வந்தது, பிறகு கண். யாரும் விசிலடிக்கவில்லை. மாசக் கடைசியில் அந்தக் குச்சிகளின் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதைச் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கவிதையில் இருண்மை பற்றி நம் பக்கங்களில் நடந்த சண்டைகளைப் புரட்டும்போதெல்லாம் இந்த ராத்திரி நினைவுக்கு வருகிறது. வாசகன் தயாராக இல்லை என்று நானும் எழுதியிருக்கிறேன். இப்போது என் பழைய கவிதைகளைப் பார்த்தால் பாதி, தேய்ந்த குச்சியில் ஓடியவை. அவற்றிலிருப்பது இருட்டல்ல, மங்கல். இரண்டையும் பிரித்தறிய எனக்கு வெகுகாலமாயிற்று.

ஸ்ரீராமின் பின்னொளியும் பிற்பாடு வாய்ப்பாடாகிவிட்டது. புகை, ஜன்னல், பின்னாலிருந்து ஒரு விளக்கு என்று 90களில் பாட்டுக்குப் பாட்டு வந்தது. ட்யூப் லைட்டில் சுற்றிய பேப்பரிலிருந்து அது வெகுதூரம் போய்விடவில்லை. இப்போது நிறத்தைக் கம்ப்யூட்டரில் பிறகு சேர்த்துக்கொள்கிறார்கள். கரிக்குச்சியும் இல்லை, பிலிமும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்.

போன மாசம் பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் செல்போனில் ஒரு பாட்டு பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரிக் காட்சி. ஜன்னல் வழியே மத்தியான வெயில் திரையில் அடிக்க, அவன் முகம்தான் அதில் தெரிந்திருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான், போதவில்லை. பிறகு இடது உள்ளங்கையைத் திரைக்கு மேல் கூரைபோல் கவிழ்த்து, குனிந்து, பாட்டு முடியும்வரை கையை எடுக்காமல் பார்த்தான்.