பித்தளைச் செம்பு

தாத்தாவின் தலைமாட்டில் எப்போதும் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து கொல்லைக்குப் போவார். திரும்பி வந்ததும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் படுப்பார். "இப்படிக் குடிச்சா ஏன் போகாது?" என்று பாட்டி ஒருநாள் செம்பை அடுப்படியில் ஒளித்து வைத்துவிட்டாள். மனுஷன் கொஞ்சம் தூங்கட்டுமே என்றுதான். காலையில் கொல்லையில் எறும்பு மொய்த்துக் கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நர்சிங் படிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் பிடித்து வைக்க முடியாது. வெளியேறுகிற சர்க்கரை தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். தாத்தா குடித்ததால் போகவில்லை. போனதால் குடித்தார். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பல வருஷம் கழித்து, மெடிக்கல் வார்டில் ஒரு நைட் டியூட்டி. நாற்பது வயதுக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகக் காய்ச்சல், வாந்தி. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்குன்னு நிறுத்திட்டோம் சிஸ்டர்" என்றார் மனைவி. எத்தனை வீடுகளில் இதே பேச்சு! காய்ச்சலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சாப்பிடாவிட்டாலும் டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தக் கூடாது. அவருக்கு மூச்சு துருத்தி மாதிரி வாங்கியது. குனிந்தால் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது. இந்த நிலையில் வருகிறவர்கள் உடம்பிலிருந்து ஐந்தாறு லிட்டர்கூடப் போயிருக்கும்.

உடனே சலைன் ஏற்றினோம். இன்சுலின் மட்டும் பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது. இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும்; ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மணிக்கொரு தடவை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், யூரின் பையிலிருந்து அளவு ஜாடிக்கு ஊற்றுவதும், ஜாடியைக் கண் மட்டத்தில் வைத்துப் படித்து சார்ட்டில் எழுதுவதுமாக ராத்திரி போனது. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை அளக்காமலே 200 என்று எழுதியிருக்கிறேன். சீனியர் அக்கா திட்டவில்லை. ஜாடியைக் கையில் கொடுத்து, "போய் அளந்துட்டு வாம்மா" என்றார். 120தான் இருந்தது. அந்த 80 மில்லி இன்றைக்கும் உறுத்துகிறது. சிறுநீர் சரியாக வருகிறது என்று தெரிந்தால்தான் பாட்டிலில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். என் எழுத்தை நம்பித்தானே சேர்ப்பார்கள்?

சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கியதும் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினேன். மனைவி பதறிப்போனார். "ரத்தத்தில் இன்னும் அமிலம் இருக்கும்மா, அது போகிறவரை இன்சுலின் ஓடணும், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிடக் கூடாதே, அதுக்குத்தான் இது" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

எதிர்க்கட்டிலில் ஒரு பெரியவர். அவருக்கும் சர்க்கரைதான், ஆனால் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் நிற்கும். காபி, கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் எழுதியிருந்தார். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்ப்போம். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதையில்லை, ஒரு லிட்டர் தண்ணீர். "ஒரு வாய் கொடு தாயி" என்பார். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவேன். இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். பாட்டி மறுத்ததையே நானும் மறுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கையில் சார்ட் இருந்தது, அவளுக்கு இல்லை.

விடியற்காலையில் நாற்பது வயதுக்காரர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு டம்ளரில் 50 மில்லி கொடுத்தேன். சார்ட்டில் எழுதினேன்.

தாத்தாவின் செம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன வாரம் அளந்து பார்த்தேன், 650 மில்லி பிடிக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ராத்திரியில் அடிக்கடி எழுந்து தண்ணீர் தேடினால் செம்பை ஒளிக்காதீர்கள். மறுநாள் காலையிலேயே சர்க்கரை பார்க்கக் கூட்டிப் போங்கள்.