எனக்குப் பிடிக்காத இரக்கம்

ஒரு மனுஷன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் பல வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறேன். வாய்விட்டு அப்படிக் கேட்டதில்லை. "ஆண்டவரே, எங்களுக்கு நியாயம் செய்யும்" என்றுதான் கேட்பேன். உள்ளே என்ன கேட்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எங்கள் அம்மா பீடி சுற்றினவள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து, அக்கா கல்யாணத்துக்கென்று தெருவில் ஒருவரிடம் சீட்டு கட்டினாள். அவரும் எங்கள் சபைக்காரர்தான். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கிறவரிடம் யார் ரசீது கேட்பார்கள்? சீட்டு முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் விடிந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. பனையேறிகள், பீடிக்காரப் பெண்கள், இரண்டு மூன்று விதவைகள், எல்லார் பணமும் போயிற்று. அக்காவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. மறுநாளும் அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இலையை அளவாக நறுக்கி, தூள் வைத்து, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, அடுத்தது. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவள் கை ஓடிய வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

போனவர் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். போன இடத்தில் நொடித்து, நோயில் விழுந்து, மனந்திரும்பினார் என்றார்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லி அழுதார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்ட வரிசையில் அவரும் இருந்தார். அவர் வாய் வைத்த பாத்திரத்தில் நானும் வாய் வைப்பதா என்று நான் எழுந்து போகவில்லை. ஓடிப்போன மனுஷன்மேல் எனக்கு இருந்ததைவிடத் திரும்பி வந்த மனுஷன்மேல்தான் கோபம் அதிகம். அவர் ஓடிக்கொண்டிருந்தவரை கர்த்தர் என் பக்கம் நிற்கிறார் என்றாவது நம்ப முடிந்தது. இப்போது கோபம் கர்த்தர்மேலேயே திரும்பியது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் எப்படி அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்?

அந்த நாட்களில்தான் யோனாவின் நாலாம் அதிகாரத்தை ஒழுங்காக வாசித்தேன். யோனாவை நாம் மீனோடு நிறுத்திக்கொள்கிறோம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பெரிய மீன் படத்துக்கு வர்ணம் அடித்து, நினிவே மனந்திரும்பியதும் கதையை முடித்துவிடுகிறோம். மொத்தமே 48 வசனம் உள்ள புத்தகம் அது. அதன் உயிர் கடைசி 11 வசனத்தில் இருக்கிறது. நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்னதும் யோனா பயந்து ஓடினார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அவரே சொல்லும் காரணம் வேறு. கர்த்தர் இரக்கமுள்ளவர், எப்படியும் மன்னித்துவிடுவார் என்று ஊரில் இருக்கும்போதே தெரியுமாம். அதனால்தான் தர்ஷீசுக்குக் கப்பலேறினாராம்.

நினிவே என்றால் யார்? அசீரியரின் பட்டணம். இன்றைய ஈராக்கில் மோசுல் நகரத்துக்கு எதிரே, டைகிரிஸ் கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 701இல் யூதாவின் லாகீசைப் பிடித்த சனகெரிப், அந்த வெற்றியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படத்தில் பார்த்திருக்கிறேன்: கழுவில் ஏற்றப்பட்டவர்கள், தோல் உரிக்கப்படுகிறவர்கள், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு சிறைபோகிற குடும்பங்கள். இது யோனா காலத்துக்குப் பிந்தியதுதான். ஆனால் யோனா பிறந்த வட இஸ்ரவேல் ராஜ்யத்தையே அசீரியர் லாகீசுக்கு முன்பே விழுங்கியிருந்தார்கள். இப்படிப்பட்டவர்களை மன்னித்தார் என்றால் யாருக்குத்தான் எரியாது? யோனாவின் கோபத்தைச் சின்னப்புத்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கர்த்தரும் அவரை வையவில்லை. நீ கோபப்படுவது சரிதானா என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர் தலைக்குமேல் ஒரு ஆமணக்கை முளைக்க வைத்தார். கோபக்காரனுக்கும் நிழல் கொடுத்தார் என்பதை நான் வெகுகாலம் கவனிக்கவே இல்லை.

மறுநாள் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது. யோனா செத்தால் தேவலை என்கிறார். நீ பாடுபட்டு வளர்க்காத செடிக்கே இப்படிப் பரிதபிக்கிறாயே, வலக்கை எது இடக்கை எது என்று தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரும் அத்தனை ஆடுமாடுகளும் இருக்கிற பட்டணத்துக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கேட்கிறார் கர்த்தர். புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் இல்லை. யூதர்கள் பாவநிவிர்த்தி நாளில், உபவாசத்தோடு, பிற்பகலில் இந்தப் புத்தகத்தை வாசிக்கிறார்கள். தங்களை மன்னிக்கும்படி மன்றாடும் நாளிலேயே பகைவன் மன்னிக்கப்பட்ட கதையையும் கேட்கிறார்கள்.

வாசித்தவுடன் நான் மாறிவிடவில்லை. அந்த வருஷம் சபையின் அசன விருந்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன், இடது கையால் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். குழம்பு வாளியோடு வந்த அண்ணாச்சி குனிந்து, "இந்தக் கையால திங்கணும்லே" என்று அவன் கையை மாற்றிவிட்டார். பேரன். பையன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்டபடி கர்த்தர் இந்த வீட்டை அழித்திருந்தால் இவனும் அதில் போயிருப்பான். என் ஜெபத்தில் இவன் வந்ததே இல்லை. "தம்பிக்கு ஊத்தட்டா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இலையை மறைத்திருந்த கையை எடுத்தேன்.

அக்காவிடம் சொன்னேன். சம்பந்தம் முறிந்தவள் அவள். என்னைவிட அவளுக்குத்தான் கோபப்பட உரிமை. "பணத்தக் கேளு. கேக்கதுல தப்பே இல்ல. அவரு அழிஞ்சு போணும்னு மட்டும் கேக்காதலே. அவரு நல்லா இருந்தா நமக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்றாள். கடவுளை என் கடன் வசூலிக்கிற ஆளாக நான் வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும், 'மன்னிச்சிருங்க பிரதர்' என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. கி.மு. 612இல் நினிவே விழுந்தது. கொடுமைக்காரப் பட்டணத்துக்கு வரும் அழிவை உரக்கப் பாடும் நாகூமின் புத்தகமும் யோனாவுக்குச் சற்றுத் தள்ளி அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அடிபட்டவன் அலறலுக்கும் அங்கே இடம் உண்டு. ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றபின்தான் இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்ததாக இயேசு சொல்கிறார்.

அதனால் லெந்து நாட்களில் ஒருநாள் சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, கணக்கு பாக்கணும்" என்றேன். அவர் எதிர்பார்த்திருந்தவர்போல ஒரு நோட்டை எடுத்து வந்தார். யார் யாருக்கு எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இறந்துபோனவர்களுக்குப் பதில் பிள்ளைகள் பெயரை எழுதினோம். பனங்காட்டில் அவர் பங்கு விற்று வருவதில் முதலில் விதவைகளுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு என்று முடிவானது. எங்கள் பெயரைக் கடைசியில் எழுதும்படி அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுவில் எழுதினேன்.