பூதங்கள் வாழும் துறைமுகம்

யப்பானுக்குச் செல்வோர் தோக்கியோ நகரின் வானளாவிய மாடங்களையும் கியோத்தோவின் தொன்மை வாய்ந்த ஆலயங்களையும் கண்டு திரும்புவதே வழக்கம். நாம் இம்முறை அவ்வழக்கத்தை விட்டு, யப்பான் கடலோரத்திலே தொத்தோரி மாகாணத்தில் உள்ள சக்காய்மினாத்தோ என்னும் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றோம். எம்முடன் வந்த பத்து வயதுச் சிறுவனின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்பதை மறைப்பானேன்? பேய்களுக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டென்று அவன் எங்கோ அறிந்திருந்தான். வேறெதையும் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை.

யொனாகோ புகையிரத நிலையத்திலே எமது பயணத்தின் வேடிக்கை தொடங்கிற்று. சக்காய்மினாத்தோ செல்லும் வண்டி முதலாம் மேடையிலிருந்தன்று, பூச்சிய மேடையிலிருந்து புறப்படுகின்றது. யப்பானிய மொழியில் பூச்சியத்தைக் குறிக்கும் ‘ரெய்’ என்ற ஒலியே ஆவியையும் குறிக்கும். ஆகவே அம்மேடைக்கு ‘ஆவி மேடை’ என்றே பெயர் எழுதி வைத்திருக்கின்றார்கள். வண்டியின் பெட்டிகளிலெல்லாம் பூதங்களின் சித்திரம். சுமார் 18 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் 16 நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதத்தின் பெயர் உபபெயராகச் சூட்டப்பட்டுள்ளது. பக்கத்து ஆசனத்திலிருந்த பாடசாலை மாணவியர் இவற்றையெல்லாம் ஏறெடுத்தும் பாராது உறங்கிக்கொண்டிருந்தனர். நாள்தோறும் பேய் வண்டியில் ஏறிப் பள்ளி செல்வோருக்குப் பேய் என்ன புதுமை!

யப்பானியர் ‘யோகாய்’ என்று கூறுபவை பேய்களென்றோ தெய்வங்களென்றோ திட்டமாகச் சொல்லக் கூடியவை அல்ல. இறந்தவரின் ஆவி வேறு, யோகாய் வேறு. ஆற்றிலே வாழ்ந்து, தலையிலுள்ள குழியில் நீரைத் தாங்கி நிற்கும் கப்பா ஒரு யோகாய். அதற்கு நாம் தலை வணங்கினால் அதுவும் மரியாதை தவறாது வணங்கும். வணங்கவே நீர் சிந்தி வலுவிழந்து போகும். அழுக்கேறிய குளியல் தொட்டியை இரவில் வந்து நக்குவது மற்றொன்று. பழைய வீட்டின் முகட்டிலே காணும் கறைகள், முகட்டை நக்கும் ஒரு யோகாயின் நாக்குத் தடங்களாம். காரணம் தெரியாத ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு கறைக்கும் பெயர் கொடுத்துப் பழகிய மக்களின் படைப்புகள் இவை.

நிலையத்திலிருந்து நூதனசாலை வரை சுமார் 800 மீற்றர் தூரம் செல்லும் தெருவுக்கு மிசுக்கி ஷிகேரு வீதி என்று பெயர். 1993 ஆம் ஆண்டில் 23 வெண்கலச் சிலைகளுடன் திறக்கப்பட்ட அவ்வீதியில் இன்று 170க்கு மேற்பட்ட சிலைகள் உள்ளன. பெரும்பாலானவை முழங்கால் உயரமே உள்ளவை. குழந்தைகள் தடவித் தடவிச் சிலவற்றின் தலை பொன்போல மின்னுகின்றது. தொடக்க காலத்தில் சில சிலைகள் களவு போயினவாம். அச்செய்தி நாடெங்கும் பரவியதால் ஊருக்கு வருவோர் தொகை பெருகிற்றாம். முப்பதினாயிரம் சொச்சம் பேர் வாழும் இவ்வூருக்கு 2010 ஆம் ஆண்டில் மட்டும் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். வாடிக்கையாளரை இழந்து கதவடைத்துக்கொண்டிருந்த கடைத்தெரு ஒன்றுக்குப் பூதங்கள் சோறு போடுகின்றன. கண்விழி வடிவில் ஒரு தித்திப்பு விற்கின்றார்கள். அதைத் தின்னும் துணிவு எமக்கு வரவில்லை. சிறுவன் இரண்டு தின்றான்.

அக்கண்விழிக்கு ஒரு கதையுண்டு. பூத குலத்தின் கடைசிக் குழந்தை கித்தாரோ. அவன் தந்தை இறந்த பின்னும் மகனைத் தனியே விட மனமின்றித் தம் ஒற்றைக் கண்விழியின் வடிவில் உயிர் வாழ்கின்றார். கிண்ணத்து வெந்நீரிலே குளிக்கின்றார். மகனுக்குப் புத்தி சொல்கின்றார். சந்திக்குச் சந்தி படம் காட்டிக் கதை சொல்லி இனிப்பு விற்கும் காகித நாடகக்காரர்கள் 1930களில் சொன்ன கதையொன்றிலிருந்து பிறந்தவன் இக்கித்தாரோ. அவனைச் சித்திரக் கதையாக்கியவர் மிசுக்கி ஷிகேரு. 1968 இல் தொலைக்காட்சிக்கு வந்த கித்தாரோ, 2018 வரை தலைமுறைக்கொருமுறை புதிய உருவில் வந்துகொண்டே இருந்தான்.

1922 இல் பிறந்த மிசுக்கி வளர்ந்தது இவ்வூரிலேதான். அவர் வீட்டில் வேலை செய்த ஏழை மூதாட்டி ஒருத்தியை ஊரார் நொன்நொன்பா என அழைத்தனர். புத்தரை வணங்குபவள் என்பது அதன் கருத்து. முகட்டுக் கறையின் கதையைச் சிறுவனுக்குச் சொன்னவள் அவளே. இங்குள்ள ஷோபுக்குஜி கோயிலுக்குக் கூட்டிச் சென்று நரகக் காட்சிகள் தீட்டிய பழைய ஓவியங்களை அவனுக்குக் காட்டியவளும் அவளே. எழுத்தறியாப் பாட்டிமார் சொன்ன கதைகளுள் எத்தனையோ அவர்களுடனேயே மண்ணுக்குள் போயின. இவளுடைய கதைகளோ, கேட்ட பையன் படம் வரையத் தெரிந்தவனாய் இருந்தமையால் பிழைத்துக்கொண்டன. அவள் பெயரையே தலைப்பாகக் கொண்டு அவர் வரைந்த நூல், 2007 இல் பிரான்சு தேசத்து அங்கூலேம் விழாவில் தலைசிறந்த நூலுக்குரிய பரிசைப் பெற்றது.

யப்பானியப் படை என்றதும் நம் முதியோருக்கு நினைவு வருவது 1942 ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பின்மேல் விழுந்த குண்டுகளே. மறு ஆண்டில் அப்படைக்குக் கட்டாயமாக எடுக்கப்பட்டு நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் பகுதிக்கு அனுப்பப்பட்ட ஒரு சாதாரணச் சிப்பாய் மிசுக்கி. காவல் கடமையில் விலகி நின்றமையால், உடன் வந்தோர் அனைவரும் மடிந்த தாக்குதலிலிருந்து அவர் ஒருவரே தப்பினார். காட்டினூடே ஓடிப் பாசறை திரும்பியவரை, ஏன் உயிரோடு வந்தாய் என்று மேலதிகாரிகள் கடிந்துகொண்டனர். பின்னர் மலேரியாவில் கிடந்தபோது வான்குண்டு வீச்சில் இடக்கையை இழந்தார். அந்நிலையில் அவருக்குப் பழங்களும் பரிவும் தந்தவர்கள் அத்தீவின் பழங்குடி மக்களே. நூதனசாலையிலே பூதங்களின் பகுதியைக் கண்டு சிரித்து வந்த சிறுவன், இப்பகுதிக்கு வந்ததும் எம் கையைப் பற்றிக்கொண்டான். ஒரு கையால் காகிதத்தை எவ்வாறு அசையாது பிடித்தார் என்று கேட்டான். உடம்பைச் சாய்த்துத் தோளால் அழுத்திக்கொள்வார் போலும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம்.

ஓடிய அக்காட்டில் இருட்டிலே கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று தம்மை மறித்தது என்று மிசுக்கி கூறியிருக்கின்றார். நூரிக்காபெ என்னும் யோகாய் அது. இரவு வழியிலே திடீரென முன்னே சுவர் எழும். மேலே அடித்தால் பயனில்லை, கோலால் கீழே அடித்தால் மறையும் எனக் கியூஷூத் தீவின் மக்கள் சொன்னதை நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகித்தா குனியோ 1930களில் எழுதி வைத்தார். அவர் எழுதியது ஓர் அனுபவத்தை, உருவத்தை அன்று. உருவம் கொடுத்தவர் மிசுக்கி. கல்லாலான பெரும் பலகை, அதில் இரு சிறு கண்கள், கீழே குட்டைக் கால்கள். இன்று யப்பானியக் குழந்தை எதைக் கேட்டாலும் அதையே வரையும்.

இது நன்மையோ தீமையோ என்று நாம் அச்சிலையின்முன் நெடுநேரம் நின்றோம். இருட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாய் நின்ற சுவர், இப்பொழுது எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. பழைய ஓவியச் சுருள் ஒன்றில் நூரிக்காபெ என்ற பெயருடன் மூன்று கண்களையுடைய விலங்கொன்று இருப்பது 2007 இல் தெரிய வந்தது. ஆயினும் அவ்விலங்கை யார் அறிவார்? வெண்கலத்துக்கு எதிரே பழைய சுருள் என்ன செய்யும்! இப்படி ஒருபுறம் வருந்தினோமாயினும், மிசுக்கி வரையாதிருந்தால் கியூஷூவின் அச்சுவர் யனகித்தாவின் புத்தகத்துள்ளேயே அடைந்து கிடந்திருக்கும் என்பதும் உண்மையே. நோய் வருவதை முன்னறிவித்து, தன் படத்தை வரைந்து பிறருக்குக் காட்டச் சொன்னதாக 1846 ஆம் ஆண்டின் அச்சுத் தாளொன்று கூறும் அமாபியே என்னும் கடற்பூதத்தைப் பாருங்கள். 2020 இல் பெருந்தொற்று வந்தபோது யப்பானியர் அதை ஆயிரக்கணக்கில் வரைந்து பகிர்ந்துகொண்டனர். அரசின் சுகாதார அமைச்சே அதன் படத்துடன் எச்சரிக்கை வெளியிட்டது. மிசுக்கி 2015 இல், தமது 93 ஆவது வயதில் காலமாகிவிட்டார். ஆயினும் அவர் முன்னரே தீட்டி வைத்த அமாபியேயின் படம் அந்நாட்களில் வீடு வீடாகச் சென்றது.

இராப் போசனத்தின் பின் மீண்டும் அவ்வீதிக்குப் போனோம். கடைகள் சாத்தப்பட்டிருந்தன. விளக்குகளிலிருந்து பூதங்களின் நிழலுருக்கள் தெருவிலே விழும்படி செய்திருக்கின்றார்கள். அவற்றை மிதியாமல் நடந்தோம். துறைமுகத்துப் பக்கமிருந்து மீன் வாடையுடன் குளிர்காற்று வீசிற்று. கடைசி விளக்கைத் தாண்டியதும் சிறுவன் நின்றான். பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்கிறது என்றான்.

இரவிலே பின்தொடரும் காலடியோசைக்கும் யப்பானியர் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர்: பெத்தோபெத்தோ சான். அதற்குத் தீங்கு செய்யத் தெரியாது. வழியோரம் ஒதுங்கி நின்று, ‘நீங்கள் முன்னே செல்லுங்கள்’ என்று மரியாதையாகச் சொன்னால் போதும். மிசுக்கி அதற்கு உருண்டையான உடலும் பெரிய புன்னகையும் கொடுத்தார். காலையில் அச்சிலையைத் தொட்டு மகிழ்ந்தவன்தான் எம் சிறுவன். ஆனால் இருட்டிலே வெண்கலமும் இல்லை, புன்னகையும் இல்லை, வெறும் ஓசைதான். சிறுவன் எம் கையை இழுத்துச் சுவரோரமாய் ஒதுங்கினான். தலையைச் சற்றே குனிந்து, காலையிற் கற்றுக்கொண்ட அச்சொற்களை யப்பானிய மொழியிலேயே மெல்லச் சொன்னான். சிறிது நேரம் பேசாது நின்றோம். காலடியோசை அடங்கிவிட்டது என்றான் அவன். எமக்கு அது முதலிலிருந்தே கேட்கவில்லை; ஆயினும், ஆம், போய்விட்டது என்றே சொன்னோம்.