துண்டும் சதுர அடியும்

ஆம்பூரில் என் ஆபீசுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "சிஏவுக்கு எத்தனை பேப்பர் சார்?" என்பதுதான். பதில் சுலபம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஃபவுண்டேஷனில் 4, அப்புறம் இண்டரில் 6, ஃபைனலில் 6. ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க் வேண்டும். அது மட்டும் போதாது, மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாக வேண்டும். பி.காம். படிப்பை 55 சதவீதத்தோடு முடித்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இண்டரில் சேரலாம். வேறு பட்டம் என்றால் 60.

இண்டரின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகு ஆர்ட்டிகிள்ஷிப். ஒரு ஆடிட்டரிடம் இருந்து வேலை பழக வேண்டும். நான் பழகியது மூன்று வருடம். 2023இல் வந்த புதிய திட்டத்தில் அது இரண்டாகிவிட்டது. இதைச் சொன்னதும் அப்பாக்களின் முகம் மலர்கிறது. எனக்குத்தான் கொஞ்சம் கலக்கம்.

முதல் வருடம், மார்ச் 31. சீனியர் என்னை ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் கூடத்துக்கு, ஸ்டாக் எடுக்க அனுப்பினார். மூக்கைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டு, வெட் புளூ (பாதி பதப்பட்ட ஈரத் தோல்) அடுக்குகளைச் சாயங்காலம் வரை எண்ணினேன். கூட்டிப் பார்த்தால், அந்த வருடம் வாங்கிய தோலைவிட இருப்பு அதிகம்! பெரிய தில்லுமுல்லு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு மேஸ்திரியிடம் போனேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஸ்பிளிட்டையும் தோலோட சேத்து எண்ணிட்டீங்க. மாட்டுத் தோல மிஷின்ல விட்டா மேல் ஒண்ணு, கீழ் ஒண்ணுன்னு ரெண்டாப் பிரியும். அதுக்காக மாடு ரெண்டாகுமா?"

அன்று வெட்கப்பட்டேன். ஆனால் கணக்கு எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான். சரக்கிருப்பை அடக்க விலைக்கும் விற்றால் கைக்கு வரும் தொகைக்கும் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று கணக்கியல் தரம் 2 சொல்கிறது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்திருந்தேன். மேல் தோல் ஷூவின் முகப்புக்குப் போகும். கீழ்ப் பிளவுக்கு விலை மட்டு. இரண்டையும் ஒரே விலையில் போட்டால் இல்லாத லாபம் ஏட்டில் ஏறும். அதை நம்பி பேங்க் கடன் கொடுக்கும், முதலாளி வரி கட்டுவார்.

எங்கள் பக்கத்துத் தொழிலின் சூட்சுமமே அளவு மாறுவதில்தான். ஆட்டுத் தோல் துண்டுக் கணக்கில் வரும். கெமிக்கல் கிலோவில் இறங்கும். பதப்பட்ட லெதர் சதுர அடியில் விலை போகும். ஷூ கம்பெனியில் அது ஜோடியாகி, யூரோவில் பில் போடப்படும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது கழியும். எவ்வளவு கழிவது நியாயம், எதற்கு மேல் போனால் கேள்வி கேட்க வேண்டும் என்பது டிரம் ஓடும் இடத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அதோடு, ஒருவர் தோலை இன்னொருவர் கூலிக்குப் பதப்படுத்தும் ஜாப் ஒர்க் வேறு. ஆம்பூர்க்காரரின் தோல் ராணிப்பேட்டையில் கிடக்கும். இவர் கொட்டகையில் இருப்பது வாணியம்பாடிக்காரருடையதாக இருக்கும். கண்ணில் படுவதையெல்லாம் இவர் சொத்தாக எழுதிவிட முடியாது. டெலிவரி சலானைப் புரட்ட வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், போன நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி கணக்கு வைக்கும்.

தோல் ஷாப்புக் கழிவு கலந்த பாலாற்றுக்கும் எங்கள் ஏட்டில் இடமுண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா ரூ. 10,000 அபராதம் விதித்தது. கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும் நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. தொகை முடிவாகாத அந்த நஷ்டஈட்டை இந்த வருடச் செலவாக எழுதுவதா, குறிப்பில் மட்டும் காட்டுவதா? எங்களுக்கு இது கேள்வித்தாளில் வந்த ஐந்து மார்க் கேள்வியாக இருக்கவில்லை. முதலாளி எதிரே உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்.

பேப்பர்களைக் குறைத்துப் பேசவில்லை. சட்டம் தெரியாதவர் தோல் ஷாப்பில் எத்தனை வருடம் நின்றாலும் ஆடிட்டர் ஆக முடியாது. ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப்பை ஃபைனலுக்குப் படிக்கக் கிடைத்த லீவாக நினைத்து, கையெழுத்துக்கு மட்டும் ஆபீஸ் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு மூன்று வருடமும் போதாது, இரண்டு வருடமும் போதாது.

என்னிடம் சேர வருகிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: மார்ச் 31 அன்று பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். தரையில் சுண்ணாம்புத் தண்ணீர் இருக்கும்.